வின்ட்டர் லீவு முடிந்ததும்

கன்னையா: மெதுவா... மெதுவா ஏறு தங்கம். ரயிலுப் படி உசரம். கையக் குடு.

தங்கமணி: விடுங்க, நானே ஏறிடுவேன். கப்பலு ஏறி எறங்கினவளுக்கு இந்தப் படியா பெரிசு?

கன்னையா: நீ கப்பல விட்டு எறங்கினதப் பாத்தேனே. அடி மேல அடி வச்சு, கம்பியப் புடிச்சுக்கிட்டு... என்ன நடை அது?

தங்கமணி: சப்பாத்துங்க. பழகாத சப்பாத்து.

கன்னையா: பழகலேன்னா கழட்டிக் கைல புடி. நம்ம ஊருல யாரு கேக்கப் போறா?

தங்கமணி: வந்ததும் வராததுமா எஞ் சப்பாத்துதான் ஒங்க கண்ண உறுத்துதா?

சிவசம்பு: அவனை விடு பிள்ளை. பத்து மாதம் சீமையிலை இருந்துபோட்டு வாற ஆள், சப்பாத்துப் போடாமல் வேறென்ன? இந்தா, இந்த ஜன்னல் ஓரம் இரு.

தங்கமணி: கிராணி ஐயா! ஆபீசுக் கணக்க விட்டுட்டு நீங்களுமா போர்ட்டுக்கு வந்தீங்க?

சிவசம்பு: கிள்ளானிலை தமக்கை வீட்டை போக வெளிக்கிட்டனான். உன்னைப் பார்க்க வேணுமெண்டு துறைமுகம் மட்டும் வந்திட்டன். இனித் திரும்பிப் போய் கிள்ளானிலை இறங்குவன்.

கன்னையா: ஆபீசு முழுக்க ஒன் பேச்சுதான் புள்ள. ரயில்வே கோட்டர்ஸ்லேர்ந்து தொர வீட்டுப் புள்ளைங்களோட சீமைக்குப் போன மொத ஆயா நீதானே.

தங்கமணி: அப்பாடி... வண்டி நகந்துடுச்சு. என்னங்க... எனக்கு வேர்க்குதுங்க!

கன்னையா: வேர்க்காம? வெயிலு மண்டையப் பொளக்குது. இந்தா துண்டு.

தங்கமணி: வேணாம், தொடைக்காதீங்க. நம்ம ஊரு வெயில்ல வேர்த்து எத்தினி மாசமாச்சு தெரியுமா? அப்படியே வழியட்டும்.

கன்னையா: பாத்தீங்களா கிராணியாரே, வேர்வையக் கண்டு அழுவுறா.

தங்கமணி: நான் ஒண்ணும் அழல. வேர்வைதான் கண்ணுல எறங்குது.

சிவசம்பு: சரி சரி. பிள்ளை, இப்ப நீதான் ஒரு வழக்குத் தீர்க்க வேணும். "வின்ட்டர் லீவு முடிஞ்சதும் வந்துடுறேன்" எண்டு கடிதம் போட்டாயே, அது எப்ப முடியிற லீவு?

தங்கமணி: தொரசாணி சொன்னாங்க, நானும் எழுதச் சொன்னேன். ஏன், என்னாச்சு?

கன்னையா: என்னாச்சா? கேளு. கிராணியார்தான் மொதல்ல தீர்ப்புச் சொன்னாரு.

சிவசம்பு: நான் சொன்னதிலை என்ன பிழை? ஆபீசுக்கு வாற நோட்டீசிலை "கிறிஸ்மஸ் ஹாலிடேஸ்" எண்டுதான் கிடக்கும். வின்ட்டர் எண்டு ஒரு நாளும் வந்ததில்லை. ஆனபடியால் ரெண்டும் ஒண்டுதான் எண்டு சொன்னனான். ஜனவரி ரெண்டோடை லீவு சரி. கப்பலுக்கு நாலு கிழமை. ஜனவரி கடைசியிலை ஆள் வந்திடும்.

கன்னையா: வந்துதா? மூணு கப்பலுக்கு வந்து நின்னேன். எல்லாரும் எறங்கினாங்க. ஒரு தொர வீட்டுப் பியானோ கூட எறங்குச்சு. நீ எறங்கல.

தங்கமணி: மூணு கப்பலுக்கா!

கன்னையா: அப்புறம் பட்டறையில எங்க போர்மேன் தொரயக் கேட்டேன். அவரும் நீ போன ஸ்காட்லாந்துதான். அவரு விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. "எங்க ஊருல கிறிஸ்மஸுக்கு எவன்டா லீவு எடுத்தான்? எங்களுக்குப் புது வருசந்தான்"ங்கிறாரு.

சிவசம்பு: அது நான் நம்பேல்லை. வெள்ளைக்காரன் கிறிஸ்மசுக்கு வேலை செய்யிறானாம்!

தங்கமணி: நெசந்தான் ஐயா. கிறிஸ்மஸ் அன்னிக்குத் தபால்காரன் வந்தான், கரி வண்டி வந்துச்சு, கொல்லன் பட்டறையில சம்மட்டிச் சத்தம் கேட்டுச்சு. எங்க தொரசாணி இங்கிலீஸ்காரங்க. "இது என்ன ஊரு"ன்னு ரூமுக்குள்ள ஒக்காந்து அவங்க மட்டும் அழுதாங்க.

சிவசம்பு: முருகா... முப்பது வருசமா நோட்டீஸ் எழுதுறன். இது தெரியாமல் போச்சே.

கன்னையா: இருங்க, இன்னும் இருக்கு. கடைசியா இவ அண்ணன் நாகையாவப் போயிக் கேட்டேன். "வின்ட்டரா? எங்க தோட்டத்து மானேஜர் தொர மாசி மாசமானா அதத்தான் பேசுவாரு. ரப்பர் மரம் எல கொட்டுற காலம். பாலு கொறஞ்சிடும். மரத்துக்கு லீவு மாப்ளே"ன்னான். சரி, மரம் துளிர் விட்டதும் நீ வந்துடுவேன்னு...

தங்கமணி: அடக் கடவுளே! ரப்பர் மரத்தப் பாத்தா கணக்குப் போட்டீங்க?

கன்னையா: வேற எந்த மரத்தப் பாக்க? ஞாயித்துக்கெழமை தவறாம சைக்கிள மிதிச்சுத் தோட்டத்துக்குப் போவேன். மரத்த அண்ணாந்து பாப்பேன், திரும்பி வருவேன். "மாப்ளே, மரத்துல என்ன தேடுறே"ன்னு ஒங்கண்ணன் கேலி பண்ணுவான். துளிர் வந்துச்சு. பூ வந்துச்சு. நீ வரல.

தங்கமணி: பாவி மனுசா... அப்புறம் கப்பலுக்கு வரவேயில்லையா?

கன்னையா: மார்ச்சுக்கு அப்புறம் வரல. இன்னிக்குத்தான்.

தங்கமணி: ஏனாம்? அலுத்துப் போச்சா?

சிவசம்பு: அது என்னவெண்டால், அந்த ரெண்டாவது...

கன்னையா: கிராணியாரே, குடை! குடை கீழ விழப் போவுது!

சிவசம்பு: ஆ... ஓம். குடை.

தங்கமணி: ரெண்டாவது என்ன ஐயா?

சிவசம்பு: ரெண்டாவது... ரெண்டாவது தரம் லீவு கேட்டவன். குடுக்கேல்லை. அதை விடு. நீ சொல்லு பிள்ளை, வின்ட்டர் எண்டால் என்ன? புத்தகத்திலை வாசிச்சிருக்கிறன். கண்ட ஆள் ஒருத்தரோடையும் இருந்து கதைச்சதில்லை.

தங்கமணி: எப்படிச் சொல்ல... ஐயா, ஒங்க கடியாரத்துல இப்ப மணி என்ன?

சிவசம்பு: மூண்டரை.

தங்கமணி: இந்நேரத்துக்கு அங்க வெளக்கு ஏத்திடுவாங்க.

கன்னையா: மத்தியானம் மூன்றரைக்கா?

தங்கமணி: மூன்றரைக்குப் பொழுது போயிடும். காலைல ஒம்போது மணிக்குத்தான் விடியும். அந்தச் சூரியனும் தலைக்கு மேல வராது. வேலிக்கு அந்தாண்ட மொளச்சு, வேலியோரமாவே நடந்து, வேலிக்கு அந்தாண்டயே விழுந்துடும். நோயாளி எழுந்து வாசல எட்டிப் பாத்துட்டுத் திரும்பப் போயிப் படுத்துக்குவாங்கல்ல, அப்படி.

சிவசம்பு: சிவ சிவா! கன்னையா, வெளியிலை பார். இந்த வெயிலைப் பார். இதே மூண்டரை. இதே சூரியன்.

கன்னையா: பாக்கிறேன்... பாக்கவே முடியல, கண்ணு கூசுது.

தங்கமணி: அங்க நேருக்கு நேரா பாக்கலாம் ஐயா. அது ஒண்ணும் பண்ணாது. பாத்துப் பாத்து எனக்கு அழுகையா வந்துச்சு. இதுவா நம்ம ஊரு சூரியன்னு.

சிவசம்பு: பனி? ஸ்நோ எண்டு சொல்லுறது? அதைக் கண்டனியோ?

தங்கமணி: கண்டேனா! மழைன்னா சத்தம் இருக்கும்ல ஐயா? தகரத்துல அடிக்கும், ஓடைல ஓடும். அது சத்தமே போடாது. ராத்திரி படுத்தேன், காலைல கதவத் தொறந்தேன், ஊரக் காணோம். ரோட்டக் காணோம், வேலியக் காணோம், மாட்டுக் கொட்டாயக் காணோம். எல்லாம் ஒரே வெள்ளை. ஒரு காக்கா கத்தல. எங் காதுதான் போச்சோன்னு கையத் தட்டிப் பாத்தேன்.

கன்னையா: தட்டினியா?

தங்கமணி: தட்டினேன். அந்தச் சத்தத்த மாவுல போட்ட மாதிரி அந்த வெள்ளை முழுங்கிடுச்சு. அப்படியே கையெடுத்துக் கும்பிட்டேன். எந்தச் சாமின்னு தெரியல, கும்பிடணும்னு தோணுச்சு.

சிவசம்பு: எனக்கு மயிர் கூச்செறியுது பிள்ளை.

தங்கமணி: மரமெல்லாம் மொட்டையா நிக்கும். ஒரு எல கெடயாது. எல்லாம் பட்டுப் போச்சுன்னு நெனச்சேன். இல்ல, தூங்குதுன்னாங்க. ஆறு இருக்குல்ல, ஓடுற ஆறு? அது ஒரு நாளு நின்னுடுச்சு. கல்லு மாதிரி. பசங்க அது மேல ஓடி வெளயாடுறாங்க!

கன்னையா: போ புள்ள, கத வுடாத.

தங்கமணி: அம்மா சத்தியமா.

சிவசம்பு: அது மெய்தான் கன்னையா. புத்தகத்திலையும் கிடக்கு. ஆனால் புத்தகம் இப்பிடிச் சொல்லேல்லை... அட, கிள்ளான் வந்திட்டுது. மனமில்லாமல் இறங்குறன். பிள்ளை, வாற கிழமை வீட்டை வந்து மிச்சக் கதையைச் சொல்ல வேணும்.

தங்கமணி: வரேன் ஐயா. அக்காவக் கேட்டதாச் சொல்லுங்க.

சிவசம்பு: ஓமோம். கன்னையா... உந்த மடியிலை இருக்கிற பொட்டலம். வீடு போகும் மட்டும் வச்சிருக்காதை. இப்பவே குடு.

கன்னையா: நீங்க எறங்குங்க சாமி, வண்டி கெளம்பிடும்!

தங்கமணி: என்ன பொட்டலம்?

கன்னையா: கச்சாங். வறுத்த கடலதான். தின்னுறியா?

தங்கமணி: கச்சாங்கு மடியில என்னத்துக்கு? காட்டுங்க.

கன்னையா: காட்டுறேன், காட்டுறேன். ஓடியா போவுது? நீ மொதல்ல கால நீட்டி ஒக்காரு. எதிர் சீட்டுதான் காலியாயிடுச்சே.

தங்கமணி: பரவால்ல, இப்படியே இருக்கேன்.

கன்னையா: சரி... சொல்லு. கிராணியாருக்குச் சொல்லாதது ஏதும் இருக்கா?

தங்கமணி: இருக்கு. அந்த லீவுக்கு மூணு பேருங்க. தொரசாணி கிறிஸ்மஸ்ம்பாங்க. தொர நியூ இயர்ம்பாரு. புள்ளைங்களுக்கு இஸ்கூல்ல வின்ட்டர் ஹாலிடேஸ்னு எழுதிக் குடுத்தாங்க. எல்லாம் அந்தப் பத்துப் பன்னெண்டு நாளுதான். அடுப்படியில ஒரு கெழவி இருந்தா, மேகின்னு பேரு. சமையக்காரி. அவ மட்டும் நாலாவதா ஒரு பேரு சொல்லுவா. யூல்.

கன்னையா: யூலா? அப்படின்னா?

தங்கமணி: அதத்தான் நானும் கேட்டேன். "வாட் இஸ் யூல், மேகி?" அவ வாயத் தொறக்கல. கையப் புடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டுப் போயி அடுப்படிச் சொவத்தக் காட்டினா.

கன்னையா: சொவத்துல என்ன?

தங்கமணி: சின்ன ஜன்னலு ஒண்ணு. மத்தியானம் அது வழியா வெயிலு எதிர்ச் சொவத்துல விழும். சூரியன் தாழத் தாழ அந்த வெளிச்சம் மேல மேல ஏறும். தெனமும் அது தொடுற எடத்துல அவ கரியால ஒரு கோடு கிழிச்சு வச்சிருக்கா. ஏணிப்படி மாதிரி கோடுங்க. வருசா வருசம் அப்படித்தானாம். அவ ஆத்தாவும் கிழிச்சாளாம்.

கன்னையா: அட...

தங்கமணி: ஏறிக்கிட்டே போச்சுங்க. நான் தெனமும் ஓடி வந்து பாப்பேன். இப்படியே போனா ஒரு நாளு சூரியனே வராம போயிடுமான்னு. ஒரு நாளு, கோடு ஏறல. மறுநாளும் ஏறல. மூணாம் நாளு அவ என்னையக் கூப்புட்டா. வெளிச்சம் ஒரு நூலு எறங்கியிருக்கு. ஒரே ஒரு நூலு! அந்தக் கெழவி அதத் தொட்டுட்டு, "யூல்"னா. அவ கண்ணுல தண்ணி.

கன்னையா: பொழுது திரும்பிடுச்சு!

தங்கமணி: திரும்பிடுச்சுங்க!

கன்னையா: அட, அப்ப அது நம்ம தைதானே? சூரியன் வடக்க திரும்புறது?

தங்கமணி: அதேதான்! என்ன, நம்ம தைக்கு இருவது நாளு முந்தியே திரும்பிடுது. எனக்கு ஒடம்பே சிலிர்த்துடுச்சு. எங்கயோ பொறந்தவ, நம்ம பேச்சு தெரியாதவ, நாம கும்பிடுற அதே திருப்பத்துக்குக் காத்துக்கிட்டு ஒக்காந்திருக்கா. அதுக்கு மேல நான் அவள அடுப்படிக்காரின்னு நெனைக்கல.

கன்னையா: நான் இங்க ரப்பர் மரத்தப் பாத்தேன். நீ அங்க சொவத்தப் பாத்திருக்க.

தங்கமணி: ரெண்டு பேரும் ஒரே நாளத்தான் தேடியிருக்கோம்.

கன்னையா: அப்புறம்?

தங்கமணி: அப்புறம் என்ன... மார்கழி. வாசல் வெறுமையாக் கெடந்தா மனசு கேக்குமா? அரிசி மாவ எடுத்துக்கிட்டுப் போனேன். புள்ளி வச்சேன், இழுத்தேன். எழுந்து பாத்தா கோலத்தக் காணோம்.

கன்னையா: ஏன்?

தங்கமணி: வெள்ளையில வெள்ளை!

கன்னையா: ஹா ஹா ஹா! அடி என் புத்திசாலி!

தங்கமணி: சிரிங்க, சிரிங்க. மேகியும் இப்படித்தான் சிரிச்சா. சிரிச்சிட்டு உள்ள போயி, அடுப்புலேர்ந்து கரித்தூள் ஒரு டப்பா அள்ளிக் குடுத்தா.

கன்னையா: கரியிலயா கோலம்? ஒங்காத்தா கேட்டா வாரியலத் தூக்குவா.

தங்கமணி: சாமி, மன்னிச்சுக்கன்னு சொல்லிட்டுப் போட்டேன். பதினஞ்சு புள்ளி சிக்குக்கோலம். போட்டு முடிச்சு நிமுந்தா... என்னங்க, அப்படி ஒரு கோலத்த நான் பாத்ததில்ல. நாந்தான் போட்டேனான்னு இருந்துச்சு. பால்காரன் வந்தான். தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நின்னுட்டான். தபால்காரனும் நின்னான். ஒருத்தரும் மிதிக்கல. சுத்திச் சுத்தி, ஓரமாவே போனாங்க.

கன்னையா: தெனமும் போட்டியா?

தங்கமணி: தெனமும். ராத்திரி பனி விழுந்து மூடிடும். காலைல மறுபடியும் புதுசு போடுவேன். மார்கழி முப்பதும்.

கன்னையா: சப்பாத்துப் போட்டுக்கிட்டா?

தங்கமணி: சப்பாத்துக் காலோட யாராவது கோலம்...

கன்னையா: சொல்லு.

தங்கமணி: ...ஒண்ணுமில்ல. இது எந்த ஸ்டேசனு?

கன்னையா: பத்து தீகா தாண்டிட்டோம். அடுத்தது பெட்டாலிங். தங்கம், இந்தா பொட்டலம். ஒனக்குத்தான்.

தங்கமணி: பட்டுத்துணி மாதிரி இருக்கு. என்னது?

கன்னையா: மெட்டி. புது வெள்ளி. பிரிக்பீல்ட்ஸ்ல நம்ம ஆசாரிகிட்ட சொல்லிச் செஞ்சது. சப்பாத்தக் கழட்டு, நானே போட்டு விடுறேன்.

தங்கமணி: ஐயோ, ரயில்லயா? நாலு பேரு பாப்பாங்க.

கன்னையா: பெட்டியில நாமதான் இருக்கோம். அந்தக் கோடியில ஒரு சீனக் கெழவரு, அவரும் தூங்குறாரு.

தங்கமணி: வீட்டுக்குப் போயிப் பாத்துக்கலாம். பழைய மெட்டியே நல்லா...

கன்னையா: பழையது நல்லா இருக்கா?

தங்கமணி: அறுத்துட்டாங்க.

கன்னையா: ம்.

தங்கமணி: வெறுங்காலோடதான் நின்னேங்க. அரை மணி, முக்கா மணி. மொதல்ல எரிஞ்சுது, அப்புறம் மரத்துடுச்சு. மேகி தலைதலையா அடிச்சுக்கிட்டா, கம்பளியச் சுத்தினா. "அந்த வெள்ளியக் கழட்டு, அது குளிர இழுக்குது"ன்னு கத்தினா. புருசன் உசுரோட இருக்கையில மெட்டியக் கழட்டுவேனா நான்? மாட்டேன்னேன். வெரலு வீங்கிடுச்சு, மெட்டி இறுக்கிக்கிச்சு. தை பொறந்த அன்னிக்குப் பாத்தா கருத்துப் போயிருக்கு.

கன்னையா: வலிச்சுதா?

தங்கமணி: வலிக்கலியே! அதுதான் பயம். ஆஸ்பத்திரியில கத்திரியால மெட்டிய வெட்டினாங்க. அப்புறம்... வெரலையும் எடுத்துட்டாங்க. எடது காலு. மெட்டி வெரலு. அதான் லீவு முடிஞ்சும் வர முடியல. ஒங்களுக்கு எழுதாதீங்கன்னு தொரசாணி காலப் புடிச்சுக் கெஞ்சினேன். வெட்டின மெட்டிய முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கேன், பாருங்க. மெட்டி போட வெரலு இல்லாம ஒங்க முன்னாடி எப்படி வந்து நிப்பேன்னு கப்பல்ல ஒரு மாசமா தூங்கல. ஏதாச்சும் பேசுங்களேன்!

கன்னையா: பொட்டலத்தப் பிரி.

தங்கமணி: நான் சொன்னது காதுல விழல? மெட்டி வெரலு...

கன்னையா: பிரி புள்ள.

தங்கமணி: ...ரெண்டும் ஒரே அளவா இல்லியே. இது ஒரு சுத்து சின்னதா இருக்கு. ஆசாரி ஒங்கள நல்லா ஏமாத்திட்டான்.

கன்னையா: ஏமாத்தல, நாந்தான் அந்த அளவு சொன்னேன். அது எடது காலுக்கு. நீ கெஞ்சினதக் கேக்காம தொரசாணி மார்ச்சுலயே ரெண்டாவதா ஒரு கடுதாசி போட்டுட்டாங்க. கிராணியார் படிச்சுச் சொல்லச் சொல்ல ரெண்டு பேரும் ஆபீசு வராந்தாவுல ஒக்காந்து அழுதோம். அவளாச் சொல்றப்ப சொல்லட்டும்னு இருந்துட்டேன். சப்பாத்தக் கழட்டு தங்கம்... அடுத்த வெரலு இருக்குல்ல?